ஆட்சிக்கு வந்த பெண்கள் மேல் எப்போதும் ஏன் ஒரே பழி?

ஓய்வுபெற்ற டீச்சர் (பீடோங்)

போன மாதம் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் ஆண்டுக் கூட்டம் நடந்தது. கோயில் பெயர் வேண்டாம். பல வருஷம் பொருளாளராக இருந்த ஓர் அம்மா தலைவர் பதவிக்கு நின்றார். அவர் கணக்கில் ஒரு காசு பிசகியதில்லை என்று எதிரணியே ஒத்துக்கொள்ளும். ஆனால் கூட்டத்துக்கு முந்தின வாரம் வாட்சாப்பில் சுற்றிய பேச்சில் கணக்கே இல்லை. ராத்திரி யார் காரில் வந்து இறங்குகிறார், புருஷன் ஏன் தட்டிக் கேட்பதில்லை, இதுதான் பேச்சு. அவர் தோற்றுவிட்டார்.

தோற்றதைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. தேர்தல் என்றால் யாராவது தோற்கத்தான் வேண்டும். நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். அந்த வாட்சாப் செய்திகளைப் படித்தபோது, இதே பழியைப் பழைய ஏடுகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம் என்று மனம் கொதித்தது.

டெல்லியை ஆண்ட ரஸியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா சுல்தான் இல்துமிஷ் குவாலியர் படையெடுப்புக்குப் போனபோது டெல்லியை இந்த மகள் கையில் விட்டுவிட்டுப் போனார். மகன்களைவிட இவள்தான் தகுதியானவள் என்பது அவர் முடிவு. அவர் இறந்ததும் பிரபுக்கள் அதை மதிக்காமல் ஒரு மகனை உட்கார வைத்தார்கள். அது ஏழு மாதங்கள்கூட ஓடவில்லை. 1236-இல் ரஸியா அரியணை ஏறினார், 1240 வரை ஆண்டார். அவர் காலத்திலேயே வாழ்ந்த மின்ஹாஜ் என்ற வரலாற்றாசிரியர், அரசனுக்கு வேண்டிய எல்லாக் குணமும் அவரிடம் இருந்தது என்று வரிசையாக எழுதுகிறார். அறிவு, நீதி, கொடை, படை நடத்தும் திறமை, எல்லாம். எழுதிவிட்டு, ஆணாகப் பிறக்காததால் இத்தனை குணத்தாலும் அவருக்கு என்ன பயன் என்று முடிக்கிறார்.

யாகூத் என்ற அபிசீனியரைக் குதிரை லாயத்துக்குத் தலைவராக ரஸியா நியமித்தார். துருக்கியப் பிரபுக்களுக்கு அது பொறுக்கவில்லை, பதவி தங்கள் கூட்டத்தை விட்டுப் போகிறதே என்று. நூறு வருஷம் கழித்து டெல்லிக்கு வந்த பயணி இபின் பதூதா காதுக்கு அந்தச் சண்டை எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? ராணிக்கும் அடிமைக்கும் தொடுப்பு என்று. பதவிச் சண்டை படுக்கைக் கதையாகிவிட்டது.

ஏன் எப்போதும் இதே பழி? மதுரையோ சீனாவோ மலாயாவோ, தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கடாரத்தான் (சுங்கைப் பட்டாணி)

டீச்சர், மதுரை என்றதும் ராணி மங்கம்மாள்தான் நினைவுக்கு வருகிறார். மகன் அம்மை கண்டு இறந்துபோக, கைக்குழந்தையாக இருந்த பேரனுக்காக 1689-இல் ஆட்சியை ஏற்றார். பதினைந்து வருஷத்துக்கு மேல் நடத்தினார். மதுரை ரயிலடிக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது. தென்பக்கத்துக் கிராமங்களில் இன்றும் ‘மங்கம்மா சாலை’ என்று பழைய பாதைகளைக் காட்டுவார்கள். வழியெல்லாம் மரம், தண்ணீர்ப் பந்தல், சத்திரம்.

இவ்வளவையும் ஏன் செய்தார் என்பதற்கு ஒரு கதை கட்டியிருக்கிறார்கள் பாருங்கள். ஒரு நாள் மறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாராம், அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் சாலையும் சத்திரமும் அமைத்தாராம். திருமலை நாயக்கர் மகால் கட்டினால் அது ராஜ கம்பீரம். மங்கம்மாள் சாலை போட்டால் அது பரிகாரம்! வரி வருமானம், வணிகம், படை நடமாட்டம், யாத்திரை எல்லாவற்றையும் யோசித்துத்தான் ஓர் அரசு சாலை போடும். அந்த யோசனை ஒரு பெண்ணின் தலையில் உதித்தது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அமைச்சர் ஒருவரோடு சேர்த்துப் பேசிய பேச்சும் உண்டு. கடைசியில் பேரன் வளர்ந்ததும் மங்கம்மாளைச் சிறையில் அடைத்து, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சோற்றை வைத்து, கைக்கு எட்டவிடாமல் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று ஒரு செவிவழிக் கதை. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையை ருசித்துச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வயிறு எரியும்.

மூன்றாம் தீம்பார்

டீச்சருக்கு வணக்கம். நான் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து இப்போது தாமானில் இருப்பவன். வயது எழுபதுக்கு மேல். மாற்றுக் கருத்து சொன்னால் கோபிக்க வேண்டாம்.

அதிகாரத்துக்கு வந்தவன் மேல் சேறு வீசுவது உலக வழக்கம். ரோமாபுரி நீரோவைப் பற்றி எழுதாத அசிங்கமா? அவன் ஆண்தானே? அப்புறம், இந்த ராணிகள் எல்லாருமே உத்தமிகளா? சீனத்து ஊ சேதியான் எதிரிகளைக் கூண்டோடு ஒழித்தவர், சொந்தக் குழந்தையையே கொன்றவர் என்று படித்திருக்கிறேன். அதைச் சொன்னால் பெண் வெறுப்பா? தப்பு செய்தால் தப்பு என்று சொல்ல வேண்டாமா? ‘பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா’ என்று என் அப்பா சொல்வார். அதை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள் என்கிறேன்.

சிந்தோக் மாணவி

ஐயா, நீங்கள் சொன்ன ஊ சேதியானையே எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் அவருக்குப் பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆண் இருக்கிறார்.

அந்த அம்மா முதலில் தாங் பேரரசர் தாய்சோங்கின் அந்தப்புரத்தில் இருந்தவர். அந்தத் தாய்சோங் எப்படி அரியணைக்கு வந்தார்? 626-இல் அரண்மனை வாசலில் காத்திருந்து, பட்டத்து இளவரசனான சொந்த அண்ணனைத் தன் கையாலேயே அம்பெய்து கொன்றார். தம்பியும் அங்கேயே கொல்லப்பட்டான். அவர்களுடைய பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. இரண்டே மாதத்தில் அப்பா அரியணையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். இன்றைக்கும் சீன வரலாற்றில் மிகச் சிறந்த பேரரசர் யார் என்று கேட்டால் முதல் வரிசையில் தாய்சோங் பெயர் வரும். கொலைகள் ஒரு பத்தியில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு நல்லாட்சிதான் பக்கம் பக்கமாக.

ஊ சேதியான் 690 முதல் 705 வரை தன் பெயரிலேயே ஆண்டவர். சீன வரலாற்றில் பேரரசர் பட்டம் சூடி ஆண்ட ஒரே பெண். எதிரிகளைக் கொடுமையாக ஒழித்தார், உளவாளிகளை வளர்த்தார், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தேர்வு எழுதி அரசு வேலைக்கு வரும் வழியை அகலப்படுத்தியவரும் அவர்தான். பழைய பிரபுக் குடும்பங்களைச் சேராதவர்கள் அதனால் மேலே வந்தார்கள். அந்தப் பிரபுக் குடும்பங்களுக்கு அவர் மேல் அன்பு இருக்குமா? கைக்குழந்தையைக் கழுத்தை நெரித்துக் கொன்றார் என்ற கதை விலாவாரியாக வருவது 11-ஆம் நூற்றாண்டு நூல்களில், அதாவது அவர் இறந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து. மூடிய அறைக்குள் நடந்ததை அத்தனை காலம் கழித்து யார் பார்த்துச் சொன்னது?

வயதான காலத்தில் இரண்டு இளைஞர்களை அருகில் வைத்துக்கொண்டார் என்பதைத்தான் எல்லாரும் வாய் வலிக்கச் சொல்கிறார்கள். அந்தப்புரத்தில் கூட்டம் கூட்டமாகப் பெண்களை வைத்திருந்த பேரரசர்களைப் பற்றி அப்படிப் பேச்சே இல்லை.

நீங்கள் சொன்ன கோழிப் பழமொழியும் அங்கே உண்டு ஐயா. பெட்டைக் கோழி விடியலில் கூவினால் வீடு அழியும் என்று அவர்களுடைய மிகப் பழைய நூல் ஒன்றிலேயே இருக்கிறது. ஊ சேதியானுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தீர்ப்பு எழுதி வைத்துவிட்டார்கள்.

செம்பனைக்காட்டு அக்கா

நான் ராணிகளைப் பற்றி அதிகம் படித்ததில்லை. தோட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1920-களின் கடைசியில் வெள்ளைக்கார அரசாங்கம் இங்கே ரப்பர் தோட்டக் கூலியை நிர்ணயித்தபோது முக்கியமான பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியக் கருக்கலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இரண்டு பேரும்தான் நின்றார்கள். பால் வெட்டினது, வாளி தூக்கினது, ஸ்டோருக்கு நடந்தது எல்லாம் ஒன்றுதான். வீட்டுக்கு வந்தால் பெண்ணுக்கு அடுப்பு வேலை தனியாகக் காத்திருக்கும்.

அந்தத் தோட்டங்களிலிருந்துதான் 1943-இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குப் பெண்கள் போனார்கள். சிங்கப்பூரில் அக்டோபர் மாதம் முகாம் தொடங்கியது. கேப்டன் லட்சுமி தலைமை. பால் வெட்டின கை துப்பாக்கி பிடித்தது. கோலாலம்பூரில் வசதியான வீட்டில் பிறந்த ஜானகி, பின்னால் ஜானகி ஆதி நாகப்பன், அப்போது பதினெட்டு வயதுப் பெண். படையில் இரண்டாம் நிலைத் தலைமைக்கு உயர்ந்து பர்மா வரை போனார். 1945-இல் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது குண்டுவீச்சுக்கு நடுவே ராத்திரி ராத்திரியாக நடந்தார்கள், நேதாஜியும் கூடவே நடந்தார். திரும்பி வந்த ஜானகி அடுத்த வருஷமே இந்தியர் கட்சியான மஇகா தொடங்கியபோது முன்னணியில் நின்றார். 2000-இல் இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது.

அவர் படித்த குடும்பம், பெயர் நின்றது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு என்ன நடந்தது? என் அம்மாவுக்குச் சித்தி முறை ஒருவர் போய் வந்தவர். திரும்பி வந்த பிறகு பெண் கேட்டு வந்த வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வி, “ஆம்பளைங்களோட காட்டுல கிடந்த பொண்ணுதானே?” அதே காலத்தில் படைக்குப் போய்த் திரும்பிய ஆண்களை யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவர்களுக்கு மாலை போட்டார்கள். சித்தி பாட்டி கடைசி வரைக்கும் படையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவருடைய சீருடைப் படம் ஒன்று இருந்ததாம். வீட்டில் யாரோ எரித்துவிட்டார்கள்.

இன்றைக்கும் ஒரு பெண் மண்டோர், அதாவது வேலை மேற்பார்வையாளர், ஆகிவிட்டால் ‘கிராணிக்கு (தோட்டத்து எழுத்தருக்கு) வேண்டியவள்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். வேலை தெரிந்ததால் மண்டோர் ஆனாள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. நானே கேட்டிருக்கிறேன், அந்தப் பேச்சை.

லோரி அண்ணன்

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

சின்ன வயதில் லயத்தில் அல்லி ராணி கதையைப் பெரியவர்கள் ராகம் போட்டுச் சொல்வார்கள். மதுரையை ஆண்டவள், வாளெடுத்தவள், ஆணே வேண்டாம் என்று இருந்தவள். அர்ஜுனன் பாம்பாக உருமாறிப் போய், அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுவான். எல்லாரும் கைதட்டிச் சிரிப்போம். இப்போது எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுவதை வீரம் என்று எப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்? இன்னமும் வீட்டில் ஒரு பெண் கொஞ்சம் அதட்டிப் பேசினால் ‘அல்லி தர்பார்’ என்கிறோம்.

எம்ஜிஆர் இறுதி ஊர்வலமும் ஞாபகம் வருகிறது. 1987 டிசம்பர். பீரங்கி வண்டியில் ஏறிய ஜெயலலிதாவை எல்லார் கண்ணெதிரே பிடித்துத் தள்ளினார்கள். அந்த அம்மா ஆட்சியில் ஊழல் குற்றச்சாட்டு இருந்தது, சொத்துக் குவிப்பு வழக்கு நடந்தது, அதைத் தாராளமாகப் பேசலாம். ஆனால் நம் பெருசுகள் காப்பிக் கடையில் பேசினது வழக்கைப் பற்றியா?

மூன்றாம் தீம்பார்

மாணவி சொன்ன தாய்சோங் விஷயம் எனக்குத் தெரியாது. யோசிக்க வைக்கிறது. சரி, ஒன்று கேட்கிறேன். அப்படியானால் ஒரு பெண் தலைவரைக் குறை சொல்லவே கூடாதா? சொன்னால் பெண் வெறுப்பு என்று வாயை அடைத்துவிடலாமா? நாளைக்கு ஒரு பெண் தலைவர் கோயில் பணத்தை எடுத்தாலும் இதையே கேடயமாகப் பிடிக்கமாட்டாரா?

ஓய்வுபெற்ற டீச்சர் (பீடோங்)

நல்ல கேள்வி ஐயா. இதற்கு மரி அந்துவானெத் வழக்கைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தெரியவில்லை.

பிரான்சின் ராணி. 1793 அக்டோபரில் புரட்சி நீதிமன்றம் விசாரித்தது. அவர் மேல் உண்மையான அரசியல் குற்றம் இருந்தது. போர் தொடங்கும் நேரத்தில் பிரெஞ்சுப் படையின் திட்டத்தை ஆஸ்திரியாவுக்குத் தெரியப்படுத்தியவர் அவர். பிறந்த வீட்டுப் பாசமோ, அரியணையைக் காப்பாற்றும் தவிப்போ, எதுவானாலும் ஒரு நாட்டின் ராணி செய்யக்கூடாத காரியம். அந்த ஒன்றே போதும், வழக்கு நிற்கும்.

ஆனால் அவர்களுக்கு அது போதவில்லை. எட்டு வயதுச் சொந்த மகனிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று ஒரு குற்றத்தைச் சேர்த்தார்கள். காவலில் இருந்த அந்தக் குழந்தையிடமே கையெழுத்து வாங்கினார்கள். நீதிமன்றத்தில் அவர் முதலில் பதிலே சொல்லவில்லை. ஏன் பேசவில்லை என்று வற்புறுத்திக் கேட்டபோது, ஒரு தாயிடம் இப்படிக் கேட்டால் இயற்கையே பதில் சொல்ல மறுக்கும், இங்கே இருக்கும் எல்லாத் தாய்மாரிடமும் முறையிடுகிறேன் என்றார். அவரை வெறுத்து வந்திருந்த பெண்களே அந்த நேரத்தில் அவர் பக்கம் கலங்கினார்கள் என்று சொல்வார்கள்.

அதற்கு முன்னால் பல வருஷமாக அவரைப் பற்றி ஆபாசத் துண்டறிக்கைகள் பாரிசில் விற்றுக்கொண்டிருந்தன. அதைப் படித்துப் பழகிய கூட்டத்துக்கு எந்தப் பழியும் நம்பும்படியாக இருந்தது.

ஆகவே குறை சொல்லலாம் ஐயா, தாராளமாகச் சொல்லலாம். பணத்தை எடுத்தால் கணக்குப் புத்தகத்தைக் காட்டி நிறுத்துங்கள், நானும் உங்கள் கூட நிற்பேன். புத்தகத்தில் ஒன்றும் கிடைக்காதபோது காரையும் புருஷனையும் இழுக்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன். நீங்கள் நீரோவைச் சொன்னீர்கள். ஆண்கள் மேலும் அசிங்கம் எழுதினார்கள், உண்மை. ஆனால் நீரோ கெட்டவன் என்பதால் இனி ஆண்களே ஆளக்கூடாது என்று ரோமில் யாரும் பேசவில்லை. ஒரு ராணி மேல் பழி சொன்னால் அவளோடு சேர்த்து எல்லாப் பெண்களுக்கும் கதவை மூடுகிறார்கள்.

கடாரத்தான் (சுங்கைப் பட்டாணி)

டீச்சர் சொன்ன அந்தக் கதவு மூடின விஷயம் நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் ஆச்சேயில்.

1641-லிருந்து 1699 வரை அங்கே வரிசையாக நான்கு பெண்கள் ஆண்டார்கள். முதலாமவர் சஃபியத்துதீன், 34 வருஷம். இஸ்கந்தர் மூடாவின் மகள். இஸ்கந்தர் மூடா யார்? 1619-இல் நம் கெடாவையே அடித்து நொறுக்கியவர். ஆச்சேயின் பொற்காலம் என்றால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். மகள் காலத்தில் ராஜ்ஜியம் தேய்ந்தது, பெண்கள் பலவீனமாக ஆண்டார்கள் என்று ரொம்ப காலம் எழுதிவந்தார்கள். ஆனால் ஆச்சேயின் பெரிய கப்பற்படை மலாக்காவுக்கு எதிரே அழிந்தது 1629-இல், அப்பா காலத்தில்! மகள் அரியணை ஏறிய அதே 1641-இல் மலாக்கா டச்சுக்காரர் கைக்குப் போனது. அவ்வளவு பலமான எதிரி வாசலில் நிற்க, அந்தப் பெண்கள் காலம் முழுக்க ஆச்சே யாருக்கும் அடிமையாகவில்லை. சண்டையால் முடியாததைப் பேச்சுவார்த்தையால் சமாளித்தார்கள். அதற்குப் பெயர் பலவீனமாம்.

1699-இல் பெண் ஆள்வது மதத்துக்கு ஒவ்வாது என்று மெக்காவிலிருந்து வந்ததாக ஒரு கடிதத்தைக் காட்டி நான்காவது ராணியை இறக்கினார்கள். ஐம்பத்தெட்டு வருஷம் அந்தத் தடை எங்கே போயிருந்தது?

வடக்கே, இன்றைக்குத் தாய்லாந்தில் இருக்கும் பட்டாணியிலும் 1584 தொடங்கி ராணிகள் ஆண்டார்கள். ராஜா ஹிஜாவ், ராஜா பீரு, ராஜா ஊங்கு, ராஜா கூனிங். துறைமுகம் செழித்த காலம் அது.

சிந்தோக் மாணவி

பழைய காலத்துக்குப் போக வேண்டியதே இல்லை அண்ணே. 2007-இல் நம் மலேசிய நாடாளுமன்றக் கட்டடத்துக் கூரை ஒழுகியதைப் பற்றி பத்து காஜா தொகுதி உறுப்பினர் ஃபோங் போ குவான் கேள்வி எழுப்பினார். பத்து காஜாவும்தான் மாதாமாதம் ஒழுகுகிறது என்று அவையிலேயே ஆண் உறுப்பினர்கள் பேசினார்கள். கூரைக்குக் கேள்வி கேட்டவருக்கு அவருடைய உடம்பைப் பற்றிப் பதில்.

2020 ஜூலையில் பத்து காவான் உறுப்பினர் கஸ்தூரி பட்டு எழுந்து பேசியபோது, இருட்டாக இருக்கிறது தெரியவில்லை, பவுடர் பூசுங்கள் என்று சொன்னவர் நம் கெடா மாநிலத்துப் பாலிங் உறுப்பினர். தோலின் நிறம், பெண் என்பது, இரண்டையும் சேர்த்து ஒரே அடி. அன்றைக்குக் கஸ்தூரி கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று இப்போது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பவுடர் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அந்த மாதிரிப் பேச்சால் ஆகிற காரியமே அதுதான், கேள்வி காணாமல் போய்விடும்.

லோரி அண்ணன்

ஒன்று சொல்ல வேண்டும். டீச்சர் சொன்ன அந்தக் கார் விவகாரத்தை எங்கள் தாமானில் முதலில் கொண்டுவந்து பேசியது பெண்கள்தான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

செம்பனைக்காட்டு அக்கா

உண்மைதான் தம்பி. எங்கள் சித்தி பாட்டியின் படத்தை எரித்தவரும் ஒரு பெண்ணாக இருக்கலாம். அடங்கி இருந்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று வாழ்நாள் முழுக்க அடங்கி இருந்தவளுக்கு, அடங்காமல் இன்னொருத்தி மேலே போவதைப் பார்த்தால் தன் வாழ்க்கையையே யாரோ பழிக்கிற மாதிரி இருக்கும். அவள்மேல் எனக்குக் கோபம் குறைவு, வருத்தம் அதிகம். ஆனால் கூட்டத்தில் வாக்குரிமை வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் பெண்கள்? அதையும் எண்ணிப் பாருங்கள். பேச்சைக் கிளப்பியது யாரானாலும் அதனால் பதவி கிடைத்தது யாருக்கு?

மூன்றாம் தீம்பார்

இரண்டு நாளாக எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். எல்லாவற்றிலும் நான் உடன்படவில்லை. ஊ சேதியானை என்னால் நல்லவர் என்று சொல்ல முடியாது, தாய்சோங்கையும் இனிமேல் நல்லவன் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தப் பொருளாளர் அம்மா விஷயத்தில் டீச்சர் சொன்னது நியாயம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். கணக்கைப் பற்றி ஒருவர்கூட எழுந்து கேட்கவில்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அந்த வாட்சாப் செய்திகளைப் பற்றி நான் எழுத்து மூலம் கேட்கப் போகிறேன். கூடக் கையெழுத்துப் போட யார் வருகிறீர்கள்?

அப்புறம், 1947-இல் இங்கே ஹார்வர்ட் தோட்டத்துப் பக்கம் கள்ளுக்கடைக்கு எதிராகத் தோட்டத்து ஆட்கள் கிளம்பியபோது பெண்களும் போனார்கள் என்று என் அம்மா சொல்வார். தலைவர்களின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்களில் எனக்கு இரண்டு பேர் யாரென்று தெரியும், ஒருவரின் மகள் இன்னமும் இங்கேதான் இருக்கிறார். டீச்சர் வந்தால் அழைத்துப் போகிறேன்.

ஓய்வுபெற்ற டீச்சர் (பீடோங்)

முதல் கையெழுத்து என்னுடையது ஐயா. அந்த மகளைப் பார்க்க இந்த ஞாயிறே போகலாம். அக்கா, நீங்களும் வாருங்கள். உங்கள் சித்தி பாட்டியின் பெயர், தோட்டம், படைக்குப் போன வருஷம், தெரிந்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.